வெள்ளவத்தைச் சமையலறையில் ஒரு ஜிஞ்சர் பியர் கிட்

இந்தக் கிட்டில் வரும் சாமான்கள் நல்லவை. கூட வரும் கையேடு குளிர் நாட்டுக்காரருக்கு எழுதப்பட்டது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கொழும்பில் யாரும் இதை வாங்கலாம்.

மெல்பேர்னில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்த பெட்டி இது. 5 லீற்றர் வாளி, அதன் அடியில் ஒரு குழாய், மூடியில் பொருத்தும் காற்றடைப்பான், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் நீரமானியும் அதற்கு ஒரு உயரமான குழலும், அரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல்கள் பத்து, கழுவுவதற்கு ஒரு தூள், ஒரு சின்னப் பை ஈஸ்ட், ஒரு பெரிய பை 'இஞ்சிச் சுவைக் கலவை'. எல்லாம் கச்சிதமாக அடுக்கியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். நீரமானியைக் கண்டதும் மற்றச் சாமான்களைப் பார்க்கவே நேரமெடுத்தது.

தம்பி அங்கே இதே வாளியின் பெரிய வடிவத்தில் பேல் ஏல் என்ற பியர் வகை செய்கிறான். மோல்ட் (முளைவிட்ட பார்லி) சாறு அடைத்த 1.7 கிலோ தகரம் ஒன்று, சீனி, ஹொப்ஸ், ஏல் ஈஸ்ட், தண்ணீர். 23 லீற்றர் பியர் வரும். அவுஸ்திரேலியாவில் வீட்டில் தன் பாவனைக்கு அப்படிச் செய்யலாம். இங்கே நிலைமை வேறு. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். ஆகவே பேல் ஏல் கிட்டைக் கொழும்பு முகவரிக்கு வரவழைக்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் வெப்பநிலை விடாது. வழமையான ஏல் ஈஸ்டுக்குப் பிடித்தது 18 முதல் 22 பாகை. 30 பாகையில் அது அவசரப்பட்டு வேலை செய்யும். வாழைப்பழ வாசனையும், நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற காரமும் ஏறிவிடும். நோர்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த 'க்வைக்' என்ற ஈஸ்ட் வகை 35 பாகைக்கு மேலும் சுத்தமாக நொதிக்குமாம் என்று தம்பி சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். வெப்ப நாடுகளில், சட்டம் இடம் கொடுக்கும் இடங்களில், பேல் ஏல் செய்பவர்களுக்கு அது பெரிய வரம்தான். எனக்கு அவன் கொண்டுவந்தது ஜிஞ்சர் பியர் கிட். நான் செய்வதும் அதைத்தான், நொதித்தலை மிகவும் முற்கூட்டியே நிறுத்தி.

கொழும்பில் ஜிஞ்சர் பியரைப் பற்றி எழுதும்போது எலிபன்ட் ஹவுஸைத் தொடாமல் போக முடியாது. 1866இல் கொழும்பு ஐஸ் கம்பெனியாகத் தொடங்கிய நிறுவனம் அது. வயிறு சரியில்லை என்றால் ஒரு போத்தல், கலியாண வீட்டில் ஒரு போத்தல், நத்தாருக்கு ஒரு பெட்டி என்று வளர்ந்த ஊர் இது. அந்தச் சுவை எனக்கும் பிடிக்கும். வீட்டில் செய்வது அதற்குப் போட்டியும் அல்ல, அதன் நகலும் அல்ல. கலங்கலாக இருக்கும், அடியில் மண்டி தங்கும், தொண்டையில் இஞ்சி நின்று எரியும். அந்த எரிவுக்காகத்தான் நான் இவ்வளவு பாடுபடுகிறேன்.

இனிச் சாமான்களுக்கு வருவோம்.

நீரமானிதான் இந்தப் பெட்டியின் மாணிக்கம். சுத்தமான தண்ணீரில் 1.000 காட்டும். லீற்றருக்கு 100 கிராம் சீனி கரைத்தால் 1.038 அளவில் நிற்கும். ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும். தொடக்க அளவிலிருந்து முடிவு அளவைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் மதுசாரத்தின் சதவீதம் ஏறக்குறைய வரும். 1.038இலிருந்து 1.034க்கு இறங்கியிருந்தால் அரைச் சதவீதம். கையேடு ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை: பெரும்பாலான நீரமானிகள் 20 பாகைக்கு அளவிடப்பட்டவை. நம் சமையலறையில் திரவம் 29, 30 பாகையில் இருக்கும். அந்த வெப்பத்தில் காட்டும் எண்ணோடு 0.002 அல்லது சற்றுக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை அளக்கும்போது, இரண்டு அளவுகளையும் வெவ்வேறு வெப்பநிலையில் எடுத்திருந்தால், இந்தத் திருத்தம் இல்லாமல் கணக்கே பிழையாகிவிடும். நொதித்த பிறகு அளப்பதென்றால் ஒரு குவளையில் ஊற்றி நன்றாக அடித்துக் காற்றைப் போக்கிவிட்டு அளக்கவும். குமிழிகள் ஒட்டினால் நீரமானி மேலே மிதந்து பொய் சொல்லும்.

இந்த அளவு விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு கவனம் என்றால், வீட்டில் கேள்வி கேட்கும் ஆள் இருக்கிறார். மாமி முதல் நாளே, "பிள்ளை, இது குடிச்சால் வெறிக்குமோ?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. ஈஸ்ட் சீனியைத் தின்றால் காபனீரொட்சைட்டும் எதனோலும் சேர்ந்தேதான் வரும். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சோடா அளவுக்கு நுரை வர லீற்றருக்குச் சுமார் 10 கிராம் சீனி நொதிக்க வேண்டும். அதிலிருந்து அரை முதல் முக்கால் சதவீதம் வரை மதுசாரம் உண்டாகும். வெறிக்காது, ஆனால் பூச்சியமும் இல்லை. மாமிக்கு இதை அப்படியே சொன்னேன், குடித்தார். கீழ்வீட்டு நானா குடும்பத்துக்கும் சொன்னேன். அவர்களுக்கு வேண்டாம். அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஈஸ்ட் போடுவதற்கு முன்னமே இஞ்சிச் சாற்றில் ஒரு போத்தல் எடுத்து வைத்துக் கொடுத்துவிடுவேன். அதை அவர்கள் சோடாவில் கலந்து குடிக்கிறார்கள். வீட்டில் நொதித்த பானத்தை விருந்தாளிக்குக் கொடுக்கும் எவரும் இதைக் கேட்காமலே சொல்ல வேண்டும். கிட்டின் பெட்டியில் 'மதுசாரமற்றது' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

போத்தல்கள் அருமை. தடித்த பிளாஸ்ரிக், மண்ணிறம். திருகு மூடி இறுக்கமாகப் பிடிக்கிறது. கண்ணாடிப் போத்தல் பார்க்க அழகு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நொதித்தல் நம் கையை மீறினால் கண்ணாடி வெடித்துச் சிதறும், ஆளைக் காயப்படுத்தும். பிளாஸ்ரிக் போத்தலை விரலால் அமுக்கிப் பார்க்கலாம், அதுதான் அதன் பெரிய வசதி. அமுங்கினால் இன்னும் நேரம் இருக்கிறது. கல்லுப் போல இருந்தால் உடனே குளிரில் வைக்க வேண்டும். மேலதிகப் போத்தல் தேவையென்றால் சோடா வந்த போத்தல்களைக் கழுவி எடுக்கலாம். குடிதண்ணீர் வரும் மெல்லிய போத்தல் இந்த அழுத்தத்துக்கு ஆகாது.

வாளியும் சரி. காற்றடைப்பான் வழியாக வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. குளிர் நாட்டில் அதோடு கதை முடிந்தது. இங்கே எறும்பு இருக்கிறது. சீனித் தண்ணீர் வாசம் பட்டால் எங்கிருந்துதான் வருமோ தெரியாது, குழாயின் நுனியிலேயே வரிசை கட்டும். அகலமான தட்டில் தண்ணீர் விட்டு அதன் நடுவில் வாளியை வைத்தால் தீர்ந்தது. குழாயை இறுக்கிய இடத்தில் ஒரு துளி கசிவு இருந்தது. ரப்பர் வளையத்தை உள்பக்கம் மாற்றிப் போட்டதும் நின்றது. வாளியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெப்பநிலைப் பட்டை 18இலிருந்து 24 வரை பச்சை நிறம் காட்டுகிறது. எங்கள் வீட்டில் அது ஒரு நாளும் பச்சையைக் கண்டதில்லை, மார்கழி விடியற்காலையிலும்கூட.

சுவைக் கலவைப் பை பற்றி ஒன்றும் நல்லதாகச் சொல்ல முடியவில்லை. இஞ்சித் தூள், சித்திரிக்கமிலம், செயற்கை இனிப்பு. ஈஸ்ட் தின்ன முடியாத இனிப்பைச் சேர்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: சீனி எல்லாம் நொதித்துத் தீர்ந்த பிறகும் பானம் இனிக்க வேண்டும். நாங்கள் சீக்கிரமே நிறுத்துவதால் சீனி மிச்சம் இருக்கும். அந்தச் செயற்கை இனிப்பு தேவையே இல்லை, வாயில் கசப்பாக ஒட்டுகிறது. இலங்கையில் இருந்துகொண்டு பையில் வந்த இஞ்சித் தூளைப் பாவிக்கலாமா? வெள்ளவத்தைச் சந்தையில் கிடைக்கும் இஞ்சி என்ன குறை வைத்தது?

இஞ்சியைப் பார்த்து வாங்க வேண்டும். நம் நாட்டில் பயிராவதில் நாட்டு இஞ்சி, சீன இஞ்சி, ரங்கூன் இஞ்சி என்று மூன்று வகை சொல்வார்கள். சீன இஞ்சி பெரிது, சாறு அதிகம், தோல் சீவ இலகு, காரம் குறைவு. நாட்டு இஞ்சி விரல் போல மெலிந்தது, நார் கூட, ஆனால் வாசனையும் உறைப்பும் அதில்தான். 5 லீற்றருக்கு நாட்டு இஞ்சி 250 கிராம் போதும். சீன இஞ்சி என்றால் 350 ஆவது வேண்டும். அதோடு ஒரு துண்டு வேர்க்கொம்பு, அதாவது காய்ந்த இஞ்சி. பச்சை இஞ்சியின் உறைப்புக்குக் காரணம் ஜிஞ்சரோல். காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகோல் என்ற பொருளாக மாறும். அது இன்னும் அதிகமாக உறைக்கும். பச்சை இஞ்சி நுனிநாக்கில் சுள்ளென்று பிடித்து விட்டுவிடும். வேர்க்கொம்பின் சூடு தொண்டைக்குள் இறங்கி நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பானத்துக்கு ஒரு ஆழம் கிடைக்கிறது. புறக்கோட்டையில் கபோஸ் ஒழுங்கையின் நாட்டுமருந்துக் கடைகளில் நல்ல வேர்க்கொம்பு கிடைக்கும். உடைத்தால் உள்ளே வெளிர் மஞ்சளாக, பூச்சி அரிக்காமல் இருக்க வேண்டும்.

நான் செய்யும் முறை இது. 2 லீற்றர் தண்ணீரில் பாதி இஞ்சியைத் தட்டிப் போட்டு, வேர்க்கொம்பு, ஒரு துண்டு கறுவா, மூன்று கராம்பு சேர்த்து இருபது நிமிடம் கொதிக்க விடுகிறேன். அரைக் கிலோ சீனி கரைந்ததும் அடுப்பை அணைத்து, மிச்ச இஞ்சியைத் துருவி அதில் போட்டு மூடி வைக்கிறேன். கொதித்த இஞ்சி உறைப்பைக் கொடுக்கும், கொதிக்காத இஞ்சி வாசனையைக் கொடுக்கும். அரை மணித்தியாலம் கழித்துத் துணியில் வடித்து, கொதித்தாறிய தண்ணீரில் 5 லீற்றர் ஆக்கி, நான்கு தேசிக்காய்ப் புளி விடுகிறேன். கொழும்பு நகரத்துக்கு அம்பத்தலையிலிருந்தும் லபுகமவிலிருந்தும் வரும் தண்ணீரில் குளோரின் இருக்கும். கொதிக்க வைத்தால் அது போய்விடும், வாசமும் வராது. சீனியில் கால்வாசிக்குப் பதிலாக யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி போட்டுப் பாருங்கள். நிறம் கறுக்கும், ஒரு மெல்லிய புகை வாசனை வரும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் வழக்கம். கித்துள் கருப்பட்டியும் நல்லது, விலைதான் இடிக்கிறது.

சாறு 35 பாகைக்குக் கீழே ஆறிய பிறகு கால் தேக்கரண்டி ஈஸ்ட். கிட்டில் வந்த ஈஸ்ட் சம்பேன் வகை. அதற்கு என் முழு வாக்கும் உண்டு, ஏனென்றால் அது தன் வாசனையைப் பானத்தில் ஏற்றுவதில்லை. பேக்கரி ஈஸ்டிலும் செய்யலாம். வெள்ளவத்தையில் கேக் சாமான் விற்கும் கடைகளில் இருக்கிறது. நுரை வரும், ஆனால் பாண் வாசம் அடிக்கும். பையைத் திறந்த பிறகு மிச்ச ஈஸ்டைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும். நம் ஈரக்காற்றில் வெளியே விட்டால் சீக்கிரமே செத்துவிடும்.

கையேட்டில் 'ஜிஞ்சர் பியர் செடி' என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஈஸ்டில் இஞ்சியும் சீனியும் தினமும் போட்டு வளர்ப்பதை அது அப்படி அழைக்கிறது. உண்மையான ஜிஞ்சர் பியர் செடி வேறு: ஈஸ்டும் பற்றீரியாவும் ஒன்றாகக் கூடி வாழும், வெண்மையான, பசை போன்ற சிறு கட்டிகள். அதைப் பிரித்து ஆராய்ந்து 1892இல் விளக்கமாக எழுதியவர் ஹரி மார்ஷல் வோர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். அதே மனிதர்தான் 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, நம் மலைநாட்டுக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் ஒரு பூஞ்சணத்தின் வேலை என்பதை ஆராய்ந்து நிறுவியவர். கோப்பி போய்த் தேயிலை வந்த வரலாற்றில் அவருடைய பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் இப்போது ஜிஞ்சர் பியரையும் சேர்த்துச் சொல்கிறேன். பின்வாங்கில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். இதில்தான் கையேடு கொழும்பில் ஆபத்தாகிறது. போத்தலில் அடைத்து 'அறை வெப்பநிலையில் மூன்று நாள்' வைக்கச் சொல்கிறது. அவர்களுடைய அறை 20 பாகை, நம் அறை 30. மாலையில் நிரப்பிய போத்தல் சித்திரை மாதத்தில் மறுநாள் மதியத்துக்குள் கல்லாகிவிடும். மழை நாளில் இன்னும் சில மணித்தியாலம் எடுக்கலாம். மூன்று நாள் விட்டால் மூடி பறக்கும், மதுசாரமும் ஏறும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போத்தலை அமுக்கிப் பாருங்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லாத குடும்பம் என்றால் சனிக்கிழமை இரவு அடைத்து ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வது நல்லது. போத்தலின் கழுத்தில் மூன்று விரல் இடம் விட்டு நிரப்பவும்.

குளிரில் வைத்தால் ஈஸ்ட் தூங்கும், சாகாது. 4 பாகையில் அதன் வேலை மிகவும் மெதுவாகும். அதனால் ஒரு வாரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை நம்பித்தான் இந்தப் பானம் இருக்கிறது. 2022 மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி நீண்ட நேரம் மின்வெட்டு வந்தால் ஒவ்வொரு மூடியையும் மெதுவாகத் திறந்து காற்றை விட்டு, திரும்ப இறுக்கி வையுங்கள். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சுவை எப்படி என்று சொல்ல வேண்டுமே. நன்றாகக் குளிர்ந்த போத்தலை ஆட்டாமல் திறந்து, மண்டியை அடியில் விட்டு ஊற்றினால் முதலில் தேசிக்காய் வாசம் வரும், அப்புறம் இஞ்சி. நுரை கடைச் சோடாவை விட மெல்லியது, நாக்கைக் குத்தாது. இனிப்பு கடைப் பானத்தை விடக் குறைவு, அடுத்த தடவை எவ்வளவு வேண்டும் என்பதும் நம் கையில். வேர்க்கொம்பின் சூடு குடித்து முடித்துச் சில நிமிடம் கழித்தும் மார்பில் இருக்கும். மாமி கொத்துரொட்டியோடு கேட்கிறார். எனக்கு உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட அன்னாசியோடுதான் பிடிக்கும்.

விலைக்கு வந்தால், தம்பி 60 அவுஸ்திரேலிய டொலர் அளவில் கொடுத்திருக்கிறான். கலவைப் பைக்காகவும் கழுவும் தூளுக்காகவும் அந்தப் பணத்தில் ஒரு பகுதி வீணாகப் போகிறது. குழந்தைகளின் பால் போத்தலுக்குப் பாவிக்கும் கிருமிநீக்கித் திரவம் எந்தப் பார்மசியிலும் இருக்கிறது, அதையே கழுவப் பாவிக்கலாம். வெளிநாட்டில் இருந்து யாராவது வருகிறார்கள், பெட்டியில் முழுக் கிட்டுக்கு இடம் இல்லை என்றால் நீரமானி, சம்பேன் ஈஸ்ட் இரண்டு பை, தடித்த போத்தல்கள், இவற்றை மட்டும் கேளுங்கள். மூடிகள் சில மாதத்தில் தளரத் தொடங்கும். மேலதிகமாக ஒரு தொகுதி மூடியும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.